ராணியின் கைச்சுற்றளவு

ஆடி 4, செவ்வாய்

சாரல். பஸ் வரவில்லை, வெள்ளிமலைக்கு நடை. தோளில் மகள் ராணி. மூன்று வயசு. அவளைவிடக் குடைதான் கனம்.

கூட்டுத் திட்ட விழா. மலையில் பசியைப் போக்க இரண்டு தொண்டு நிறுவனங்கள் கைகோத்திருக்கின்றனவாம். நான் வைத்த பெயர்: பாக்கெட் கம்பெனி, கோழிக் கம்பெனி. பிள்ளைகளின் மேல்கையில் நாடா சுற்றுவார்கள். சிவப்பு வந்தால் பிள்ளை ரொம்ப மெலிவு, முதல் கம்பெனி சத்துப் பாக்கெட் தரும். மஞ்சள் வந்தால் தேறியாச்சு. பாக்கெட் நிற்கும், அடுத்த கம்பெனி அந்த வீட்டுக்குக் கோழியும் விதையும் தரும்.

ராணிக்கு இத்தனை நாள் சிவப்பு, இன்று மஞ்சள். ஒரு நூல் அளவில். கைதட்டல். தேறியது அவள், மாலை எனக்கு. மைக்கில் இரண்டு தரம் நன்றி சொன்னேன். மூன்றாவதுக்குள் பிடுங்கிவிட்டார்கள். போட்டோவில் வாய் திறந்திருக்கும், நிச்சயம்.

ஆடி 5

கடைசிப் பாக்கெட். ராணிக்குப் பாதி, அவள் அண்ணன் பெரியவனுக்குப் பாதி. கவரை நக்கியது நான்.

ஆடி 11, செவ்வாய்

அளக்கும் நாள். நாடா பிடிப்பவர் பாக்கெட் கம்பெனி நிர்மலா மேடம், சங்கராபுரத்துக்காரர். நல்ல மனசு.

"ராணி பேர லிஸ்ட்லேந்து எடுத்தாச்சுண்ணா. இனிமே அவங்க பாத்துப்பாங்க."

"கோழி எப்பங்க மேடம் வரும்?"

"நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். அவங்க ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்து ஆவலயாம்."

"அது வரிக்கும் புள்ளைக்கு இன்னா குடுக்கறது?"

மேடம் நாடாவைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

மழையில் கூலி வேலை இல்லை. சாமை இப்போதுதான் முளை. ரேஷன் அரிசி பானை அடியில்.

ஆடி 18

பெருக்கு. என் பெண்டாட்டி காவேரி கஞ்சியில் மஞ்சள் தூள் போட்டாள். "கலந்த சோறுன்னு நெனச்சிக்க மாமா." நினைத்துக்கொண்டேன். பெரியவன் நினைக்க மறுத்துவிட்டான்.

டீக்கடையில் கோழிக் கம்பெனிக்காரர். கோழி வரவில்லை, போட்டோ வந்திருக்கிறது. போனில் காட்டினார். வாய் திறந்துதான் இருக்கிறது.

"வெளிநாட்டுலல்லாம் பாத்துட்டாங்க உங்கள."

"கோழி வரவரிக்கும் பாக்கெட்டாவது மறுபடி குடுக்கச் சொல்லுங்க சார்."

"தேறுன புள்ளைக்கு எப்படிங்க? படத்துலயே வந்துட்டாளே. மறுபடி சிவப்பு வந்தா அந்த மேடம் எழுதிப்பாங்க."

டீ அவர் வாங்கித் தந்தார். குடித்தேன். ரோஷம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

ஆடி 21

ராணிக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரி நர்ஸம்மா உப்புச் சர்க்கரைப் பொடி கொடுத்து, தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுக்கச் சொன்னார். கூடவே, "நல்லா சாப்பாடு குடுங்க." சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது.

காவேரி: "செவப்பு வந்துடுமா மாமா?"

பயந்து கேட்டாளா, ஆசைப்பட்டுக் கேட்டாளா தெரியவில்லை. "வரும்" என்றேன். நான் எப்படிச் சொன்னேன் என்றும் தெரியவில்லை.

ஆடி 23

போக்கு நின்றது. பிள்ளை எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே சிரிக்கிறாள்.

ஒத்திகை. சட்டைக் கரையைக் கிழித்து அவள் கையில் சுற்றி இழுத்துப் பழகினேன். எவ்வளவு இழுத்தால் மேடத்துக்குத் தெரியாது?

"வலிக்குதுப்பா."

ஒன்பதாவதில் மூன்று வருஷம் உட்கார்ந்தும் காப்பியடிக்கத் தைரியம் வராதவன் நான்.

ஆடி 25, செவ்வாய்

மழை இல்லை. வரிசையில் ஆறாவது ஆள்.

"நுனிய நான் புடிக்கிறேன் மேடம்."

"புடிங்கண்ணா."

இழுத்தேன். சிவப்பு. மேடம் நாடாவைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்.

"விடுங்கண்ணா."

விட்டுவிட்டேன். கழற்றி, அவரே தளர்வாகச் சுற்றினார்.

அப்போதும் சிவப்பு.