கணினியில் மாட்டிக்கொண்ட சாவிக்கொத்து

லா சப்பல், பாரிஸ்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆலீஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகன் ஜெரமியும் அந்தக் கியூபெக் குளிரில் மூக்கு உறைந்துபோகாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், ஆனாலும் இதைத் தொலைபேசியில் சொல்ல வழியில்லை. நீ அழைத்தவுடன் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு, பேப்பர் பார்க்கிறவர் மாதிரி அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார். ஆகவே ஒரு தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசி.

உன் சின்ன வயதுப் படங்கள் வேண்டுமென்று கேட்டாய் அல்லவா. அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து ஆல்பம் முழுவதையும் ஸ்கான் செய்து ஒரு யூஎஸ்பியில் ஏற்றினார். பாதிப் படங்களில் உன்னோடு அவருடைய பெருவிரலும் நிற்கிறது, சிரிக்காதே. பிரெஞ்சுக்காரர் அந்தச் சாமானைச் சாவி என்றுதானே சொல்கிறார்கள், அப்பாவும் சொல்லுக்கு மரியாதை கொடுத்து அதை வீட்டுச் சாவி, கடைச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டு திரிந்தார். குளிக்கப் போகும்போதுகூடச் சாவிக்கொத்து கூடவே போனது. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

என் தம்பி மகன் துஷ்யந்தன் வேலைப் பயிற்சிக்காகக் கனடா வருவதைச் சொல்லியிருந்தேன். முதல் பத்து நாள் மொன்றியல், அதன் பிறகுதான் உங்கள் வீடு, அதனால் இந்தக் கடிதம் அவனை முந்திவிடும். சனிக்கிழமை விமானத்துக்குப் போகிற வழியில் யூஎஸ்பியை வாங்கிக்கொள்ள வந்தான், அதுவும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாக. மணிச்சத்தம் கேட்டதும் கணினிக்கு முன்னால் இருந்த அப்பா திடுக்கிட்டு எதையெதையோ அமத்தினார். பிறகு யூஎஸ்பியைக் கழற்ற அனுமதி கேட்டால் கணினி மாட்டேன் என்றது. இந்தக் கருவி இன்னும் பாவனையில் இருக்கிறது, அதைப் பாவிக்கும் நிரலை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள் என்று ஒரு சின்னப் பெட்டி. மூடிப்பார்த்தார், அதே பெட்டி. துஷ்யந்தன் சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்று, சும்மா இழுங்கோ மாமா, ஒண்டும் நடக்காது என்றான். அப்பா இரண்டு கையாலும் கணினியை மறைத்துக்கொண்டார். அனுமதி இல்லாமல் இழுத்தால் உள்ளே இருக்கிறது பழுதாகிவிடும் என்று பள்ளிக்கூடக் காலத்தில் நீதானாம் சொன்னாய். நீ சொன்ன எத்தனையோ விஷயங்களில் இதை மட்டும் அவர் இவ்வளவு பக்தியாகப் பிடித்து வைத்திருக்கிறார். சாவிக்கொத்து முழுவதும் கணினியில் தொங்கிக்கொண்டு நின்றது, கடையைத் திறக்கிற நேரமும் தாண்டிவிட்டது.

கீழே கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் சாம்பவிக்கு நான் போன் எடுத்தேன். கடையில் ஆட்கள் நின்றதால் அவள் மேலே வரவில்லை, போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். படங்களைக் காட்டும் ஜன்னலை மூடினோம், அசையவில்லை. வைரஸ் தேடும் நிரல் அதற்குள் புகுந்திருக்கும் என்று பொறுத்துப் பார்த்தோம், அதுவும் இல்லை. அப்ப ஒண்டும் யோசியாதேங்கோ அன்ரி, கொம்பியூட்டரை முழுசா நிப்பாட்டிப்போட்டுக் கழட்டுங்கோ, அது பாதுகாப்புத்தான் என்றாள். அப்பா, நிப்பாட்டினால் திரும்ப எழும்ப ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று மறித்தார். நம்பிவிட்டேன். அப்படியெண்டால் கீழ வரிசையில என்ன சுருங்கிக் கிடக்குதெண்டு பாருங்கோ என்றாள் சாம்பவி. மின்சாரம் என்று பெயர் வைத்த ஒன்று கிடந்தது. கரண்ட் பில் என்று நினைத்து நான் அதை அமத்த, அப்பா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

பில் இல்லை மகள், கடிதம். மேலே அன்புள்ள ஜெரமி என்று பிரெஞ்சில் இருந்தது. முப்பத்தாறு வருடமாகக் கடையில் வெண்டிக்காய் விற்ற பிரெஞ்சு, ஒரு வரிக்கு இரண்டு பிழை. தன்னுடைய தகப்பன் யார், தான் எந்த வயதில் இந்த ஊருக்கு வந்தார், நீ பிறந்த அன்று எவ்வளவு மழை, எல்லாம் எழுதியிருந்தார். கடைசியில், உங்கள் திருமணத்துக்கு நான் வராததற்குக் காரணம் என்று தொடங்கி அப்படியே நின்றிருந்தது. உனக்குச் சொன்ன காரணம் முழங்கால் வலி. அந்த முழங்காலோடு அதே மாதம் லூர்து மலையில் சிலுவைப்பாதை முழுவதும் நடந்தார் என்பதை இந்த இரண்டு வருடமாக நான் உனக்குச் சொல்லவில்லை. கோபிக்காதே, இடையில் நின்றவளுக்கு யார் பக்கமும் நிற்க முடியாது.

ஜன்னலை மூடப்போனேன், அன்று எழுதியதைச் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்டது. போனில் சாம்பவி, என்ன அன்ரி, அம்பிட்டுதோ என்கிறாள். துஷ்யந்தன் மணிக்கூட்டைப் பார்க்கிறான். நான் குசினிப் பக்கம் திரும்பி, இஞ்சேருங்கோ, வைக்கிறதோ விடுறதோ எண்டு கேக்குது, நான் எதை அமத்த, இது யூஎஸ்பியோட கனடாவுக்குப் போயிடும், யோசிச்சுச் சொல்லுங்கோ என்றேன். தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அப்படி எதைக் கழுவினாரோ தெரியாது. பிறகு குழாய் நின்றது. வைச்சிரு என்றார். அமத்தினேன், மூடினேன், இனிக் கழற்றலாம் என்று கணினி சொன்னது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து யூஎஸ்பியை வளையத்திலிருந்து நகத்தால் நெம்பி எடுத்து, ஒரு கடித உறைக்குள் போட்டு, துஷ்யந்தனின் சட்டைப் பைக்குள் தானே வைத்துவிட்டார். அவன் விமானத்தைப் பிடித்துவிட்டான், நேற்றுச் செய்தி வந்தது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. ஜெரமி அதை வாசிக்கும்போது நீ பக்கத்தில் நின்று பிழை திருத்தாதே, சிரிக்காதே, தகப்பனுக்கு வக்காலத்தும் வாங்காதே. நான் முழுவதையும் வாசித்தேன் என்றும் அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவர் நான் கடைசி வரியை மட்டும்தான் பார்த்தேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நல்ல உடம்பையும் நல்ல பொறுமையையும் தரட்டும்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். ஏன் அந்தக் கடைசி வரியை முடிக்கவில்லை என்று நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன். அதை எழுதேலாது, நேர சொல்லுறன் என்றார். இன்று காலை மெரி அலுவலகத்துக்குப் போய்ப் புதுப் பாஸ்போர்ட்டுக்குப் படமும் பத்திரமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
அற்புதமலர் நீக்கிலாஸ்