பெரியம்மா உரக்கப் படித்த வரி

வாலுவுக்கு,

இங்கே நான் நலம், அம்மா நலம், பெரியப்பா நலமில்லை, அதற்குக் காரணம் நான்தான், அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ விடுதியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், உன்னிடமிருந்து போன் வந்து மூன்று வாரமாகிறது.

தாத்தா வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க நானும் பெரியப்பாவும் அத்தையும் போட்ட பொதுப்பணத்தில் பாதியை நான் விழுங்கிவிட்டேன் என்று பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், திரியட்டும் என்று விட்டேன். ஆனால் உனக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார், நீயும் எனக்கு "நிஜமாப்பா?" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாய். உனக்கும் எனக்கும் இருபதே வயது வித்தியாசம், பெரிய மனுஷனாகப் பொறுத்துப்போக எனக்கு இன்னும் வயசாகவில்லை. அவரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் உனக்குப் பதில் என்று முடிவு கட்டினேன்.

போன ஞாயிறு தாத்தா வீட்டை விற்ற பணத்தைப் பிரிக்க அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடினோம். பெரியப்பா தன் புது லேப்டாப்பைத் திறந்தார், வண்ண வண்ண வட்டப்படம் போடும் கணக்கு மென்பொருள், வெறும் எழுத்து மட்டும் ஓடும் என்னுடைய கறுப்புத் திரையைப் பார்த்து எத்தனை வருஷம் சிரித்திருப்பார் தெரியுமா. அது முதலில் இருபது நிமிஷம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, பிறகு சந்தா முடிந்துவிட்டது என்றது, அவர் கார்டு எண்ணைத் தட்டிப் பணம் கட்டியதும் பழைய கோப்பு இந்தப் பதிப்பில் திறக்காது என்றது. அவ்வளவு நேரமும் டீயை மட்டும் ரசித்துக் குடித்தேன்.

அப்புறம் என் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே எழுத்துக் கோப்பு, நீ பிறந்த வாரம் தொடங்கியது, முதல் வரியே உன் பிரசவச் செலவுதான், எந்தக் கணினியிலும் எந்த எடிட்டரிலும் திறக்கும். 'கூரை' என்று தேடினேன், பதினொரு பதிவுகள். ஒவ்வொன்றிலும் பணம் எங்கிருந்து எங்கே போனது என்று இரண்டு பக்கமும் இருக்கும், அடியில் அரைப்புள்ளி வைத்து அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சொன்னபடியே எழுதிவைப்பேன் என்பது உனக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியாது. ஏழாவது பதிவில் கூரைப் பணத்திலிருந்து எண்பதாயிரம், பெரியப்பாவின் கார் முன்பணத்துக்கு. எனக்குக் கண் கூசுகிறது, நீங்களே படிங்க அண்ணி என்று திரையைப் பெரியம்மா பக்கம் திருப்பினேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

பெரியம்மா உரக்கவே படித்தார். "அடுத்த மாசம் போட்டுடறேன்டா, உங்க அண்ணிகிட்ட மட்டும் மூச்சு விடாதே." படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "காருக்கு எங்கப்பா குடுத்தார்னு சொன்னீங்களே. அவர் சாகற வரைக்கும் வாரா வாரம் அவரை உட்காரவச்சு ஓட்டினீங்களே."

பெரியப்பா பழைய கதை என்று ஏதோ முனகினார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், எனக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடே வேண்டாம் என்றிருந்தது. எண்பதாயிரத்தை அங்கேயே அவர் பங்கில் கழித்தோம்.

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், அந்தப் பதினொன்றை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், முழுக் கோப்பையும் கொண்டுபோனேன். பெரியம்மா கீழ் அம்பை அழுத்திக்கொண்டே போய், அத்தை எனக்கு இலவசமாகத் தந்த ஃபிரிட்ஜுக்கு ஆன ரிப்பேர் செலவையும் அதற்குக் கீழே நான் அத்தையைப் பற்றி எழுதிய குறிப்பையும் படித்துவிட்டார். இப்போது அத்தையும் பேசுவதில்லை. பரவாயில்லை, எழுதியது உண்மைதான்.

முழுக் கோப்பையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன், வேண்டுமானால் நீயே தேடிப் பார். கடைசிப் பதிவை நேற்று எழுதினேன். வாலுவிடமிருந்து, ஒரு சந்தேகம், அரைப்புள்ளி, "நிஜமாப்பா?" அதற்கு எதிர்ப்பக்கம் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இதைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு நிரல் மொத்தக் கோப்பையும் ஏற்காது, பத்தொன்பது வருஷக் கணக்கும் நேற்றிலிருந்து நிற்கிறது. அந்த வரியை அழித்தால் ஓடும். நான் எதையும் அழிக்கிறவனில்லை, பெரியப்பாவைக் கேள்.

நல்லா இரு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, எழுத்தைப் பெரிதாக வை, கோப்பை இரண்டு இடத்தில் சேமி. போன் பண்ணு, நீ சொல்வதைச் சொன்னபடியே எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.

கணக்கு நேராவதற்குக் காத்திருக்கும்,
அப்பா