மலைமேல் வந்த இருமல்

சின்னவளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சர் எழுதுகிறார்.

ஆற்றுப்பாலம் இடிந்து விழுந்த வருஷம், நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய். நீ இப்போது இருக்கும் அதே மலைமேல் நாங்கள் ரோடு போட்டோம். அங்கே காற்று போதாது. நாலு எட்டு வைத்தாலே இரைக்கும். மேஸ்திரிக்கு இருமல் வந்தது. குளிர்தான் என்று நினைத்து அடுப்போரம் படுக்கவைத்தோம். "ரெண்டு நாள்ல சரியாயிடும்டா, மூஞ்சிய ஏன் தொங்கப்போடுறீங்க" என்று சிரித்தார். விடிந்தபோது உயிர் இல்லை. வாயோரம் சிவப்பாய் நுரை கட்டியிருந்தது.

மறுவாரம் சமையல்காரனுக்கும் அதே இருமல். "கூலியும் வேணாம், ஒண்ணும் வேணாம், நான் இறங்குறேன்பா" என்று அன்றைக்கே கிளம்பிவிட்டான். அடிவாரம் சேர்ந்ததும் இருமல் விட்டதாம். நாங்கள் அவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தோம்.

நேற்று மாப்பிள்ளை போனில் இருமிக்கொண்டே, "சளிதான் மாமா, நீங்க ஏன் இப்படிப் பயந்தாங்கொள்ளியா இருக்கீங்க" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். போனில் நான் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வருகிறது. வேலை போனால் போகட்டும் அம்மா. இதைக் கொண்டுவரும் லாரியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடு.

அவரிடம் இதையும் சொல். எங்கள் கூட்டத்தில் அந்த இருமல் வந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது அந்தப் பயந்தாங்கொள்ளி ஒருவன்தான்.

உன் அப்பா