நீலப் பேன்ட்டின் வலது முட்டி

என் அம்மாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், அவளுடைய புது முட்டி எங்கள் இருவரையும்விட சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் சுண்டெலிக் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு மனசு ஆறும், போனில் நீ சொல்லும் 'நல்லா இருக்கேன்பா'வை நான் நம்புவதில்லை, காய்ச்சலில் படுத்திருந்தாலும் நீ அதையேதான் சொல்வாய். கடையில் வேலை நிறைய, ஒரு பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியக் குழுவுக்கு நாற்பது கோட்டு தைக்கிறோம், பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்கா புதிதாக வந்த மெஷினை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே வேலை செய்கிறாள், மெஷின் திருப்பித் திட்டாததால் பொழுது நிம்மதியாகப் போகிறது. எதிர்க்கடை சாவிக்காரர் போன வாரம் சாவியை உள்ளே வைத்தே கடையைப் பூட்டிவிட்டார், அரை நாள் தெருவே சிரித்தது, மனிதர் இன்னும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அம்மா காலையில் தெருமுனை வரை கம்பு இல்லாமல் நடந்துவிட்டு வந்து, கம்பை என் கட்டிங் மேஜைக்குக் கீழே ஒளித்து வைக்கிறாள், கேட்டால் அது எப்போதும் அங்கேதானே இருக்கும் என்கிறாள்.

நீ அனுப்பிய பார்சல் திங்கட்கிழமை வந்தது. அளவுக்காகக் குட்டியின் பழைய நீலப் பேன்ட்டை மடித்து வைத்து, கூடவே ஒரு சீட்டில், அடுத்த மாதம் பள்ளிக்கூடம் போகப் போகிறாள், 'ஆறு பேன்ட் வேணும்பா, நல்லா லூசா, முட்டி இடிக்கிறது யாருக்கும் தெரியக் கூடாது' என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையின் சித்தி, குழந்தை வாத்து மாதிரி நடக்கிறாளே என்றாளாம். அந்தச் சித்திக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது, இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் அதை விழுங்கிவிட்டேன். ஆனால் அம்மாடி, எனக்கு வலித்தது சித்தி சொன்னது இல்லை, நீ அந்தச் சீட்டை எழுதும்போது அழுதிருக்கிறாய். மை இரண்டு இடத்தில் கலைந்திருக்கிறது.

இனிமேல் எழுதப் போவதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் உன் குரலைக் கேட்டதும் பாதியை முழுங்கிவிடுவேன், மீதிப் பாதியைச் சர்க்கரை போட்டுச் சொல்வேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பயப்படாமல், உட்கார்ந்து, முழுவதும் படி.

போன தடவை நீ இந்தக் கால் விஷயத்தைச் சொன்னபோது நானேதான், அதெல்லாம் வளர வளரச் சரியாகிவிடும், நீயும் அப்படித்தான் இருந்தாய் என்று சொன்னேன். அது பொய் இல்லை. என் அளவு நோட்டில் உன் மூன்றரை வயதுப் பக்கம் இன்னும் இருக்கிறது, இரண்டு முட்டியும் ஒன்றை ஒன்று இடிக்கும், கணுக்கால் இரண்டும் தள்ளி நிற்கும், ஓடினால் சிரிப்பாக இருக்கும். ஏழு வயதுப் பக்கத்தில் கால் கோடு போட்ட மாதிரி நேராகிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் உனக்குச் சொன்னேன். ஆனால் திங்கட்கிழமை அந்த நீலப் பேன்ட்டை மேஜையில் விரித்துப் பார்த்தேன். இரண்டு முட்டியும் சமமாக உள்ளே சாய்ந்தால் இரண்டு காலிலும் உள்பக்கத் துணி சமமாகத் தேய வேண்டும். இதில் வலது முட்டியின் உள்பக்கம்தான் நூல் வெளுத்து, விரல் வைத்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, இடது கால் நேற்று வாங்கியது மாதிரி இருக்கிறது. வலது கால் விளிம்பும் உள்பக்கமாகக் கிழிந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடமாகத் துணி பார்க்கிறேன், அது யாருக்காகவும் பூசி மெழுகாது. குட்டிக்குச் சாய்வது இரண்டு கால் இல்லை அம்மாடி, ஒரு கால்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. புதன்கிழமை, நீ கேட்டபடி தைத்துவிடலாம் என்று பச்சைத் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். இடது காலை வரைந்தேன், வலது காலை வரைந்தேன், கத்திரியை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன், வலது காலை உள்பக்கம் அரை இஞ்ச் அகலமாக வரைந்திருக்கிறேன். யாரும் சொல்லாமலே என் கை அந்த முட்டிக்கு இடம் விட்டிருக்கிறது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஏன் வெளியே போய் நின்றேன் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் இதை உன்னிடம் நாங்கள் சொன்னதில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், உடம்பில் உள்ள குறையை வந்தவரிடம் சொல்ல மாட்டோம், துணியில் சரிக்கட்டிவிடுவோம். ஒரு தோள் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் பேடு கொஞ்சம் தடிமனாக வைப்போம், தொப்பை இருந்தால் பட்டனைத் தள்ளி வைப்போம், மூச்சு விட மாட்டோம். அவர் கண்ணாடி முன்னால் நின்று பரவாயில்லையே என்று தன்னையே மெச்சிக்கொண்டு போவார், அதுதான் எங்களுக்குப் பெருமை. உன் அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில் நின்றபடியே துணி தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு யூனிஃபார்ம் பேன்ட்டை நான்தான் தைப்பேன், தெரியும் அல்லவா. ஒரு வருடம் இடது பக்கம் தரையில் உரசுகிறது என்றாள், கால் இஞ்ச் ஏற்றி மடித்தேன். மறு வருடம் இன்னொரு கால் இஞ்ச். மூன்றாம் வருடம் முட்டிக்கு வெளிப்பக்கம் துணி இழுத்தது, தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தேன். நான்காம் வருடம் இரண்டு காலுக்கும் தனித்தனி அளவு. அவள் இடது கால் வில் மாதிரி வெளியே வளைந்துகொண்டே போனது, எல்லாம் தேதியோடு என் நோட்டில் இருக்கிறது, இருந்தும் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்து, இப்ப நேரா நிக்குதே என்று சந்தோஷப்பட்டாள், நானும் சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

கடைசியில் படி ஏற முடியாமல் எலும்பு டாக்டரம்மாவிடம் போனபோது, எத்தனை நாளாக என்று கேட்டார், உன் அம்மா ஆறு மாதம் என்றாள். எனக்குத் தெரியும் நான்கு வருடம் என்று. முட்டியின் உள்பக்கம் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது, முன்னாலேயே வந்திருந்தால் தொடைக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, முட்டிக்குப் பட்டை என்று வேறு வழிகள் இருந்திருக்கும், ஆபரேஷனைச் சில வருடமாவது தள்ளிப் போட்டிருக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து நோட்டை அம்மா முன்னால் விரித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், 'ஊர்ல உள்ளவங்க தொப்பையை மறைச்சது போதாதுன்னு என் காலையும் மறைச்சுட்டீங்களே' என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

அதனால் வியாழக்கிழமை அம்மாவின் முட்டியைக் காட்டப் போனபோது நீலப் பேன்ட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரியும், வெளியே காத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய் எதையும் மறைக்காமல் சொல்லுங்க என்றாள். டாக்டரம்மா பேன்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை. பிறந்த குழந்தைக்குக் கால் வில்லாக வளைந்திருப்பது சகஜம், இரண்டு வயதுக்குள் நிமிர்ந்துவிடும், பிறகு மூன்று நான்கு வயதில் முட்டி உள்ளே சாயும், அதுவும் சகஜம், ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் தானாக நேராகிவிடும், வலி இல்லாமல், இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தால் அதற்கு ஒரு வைத்தியமும் வேண்டாம், தனி ஷூவும் வேண்டாம் என்றார். காலைக் கட்டி வைப்பது, கட்டை வைத்து இறுக்குவது, யாரோ சொன்னார்கள் என்று முறுக்கித் தேய்ப்பது எதுவும் கூடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார், இதைச் சித்திக்குப் படித்துக் காட்டு. ஆனால் ஒரு கால் மட்டும் சாய்ந்தாலோ, நாளுக்கு நாள் அதிகமானாலோ, குழந்தை நொண்டினாலோ, வலி என்றாலோ, அடிக்கடி விழுந்தாலோ, வயதுக்குத் தக்க உயரம் இல்லாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது, காட்ட வேண்டும் என்றார். குழந்தைக்கு முன்னால் அடி பட்டதா என்று கேட்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் சறுக்கு மரத்தில் விழுந்து குட்டிக்கு முட்டிக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டு மாவுக்கட்டுப் போட்டார்களே, அது வலது கால். கட்டைப் பிரித்ததும் ஓட ஆரம்பித்துவிட்டாள், இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று நாம் எல்லோரும் சந்தோஷமாக விட்டுவிட்டோம், நானும்தான் வேண்டாம் என்றேன்.

அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த இடத்தில் அடிபட்டால் சில குழந்தைகளுக்கு எலும்பு வளரும்போது கால் உள்ளே சாய்வது உண்டாம். நிறையப் பேருக்கு அதுவும் சில வருடத்தில் தானாக நிமிர்ந்துவிடுமாம், நிமிராவிட்டால் வளரும் வயதிலேயே சின்னதாக ஒரு தகடு வைத்து வளர்ச்சியைக் கொண்டே நேராக்க வழி இருக்கிறதாம். ஆனால் இது எந்த வகை என்று பேன்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, குழந்தையை நிற்க வைத்து, நடக்க வைத்து, அளந்து, தேவைப்பட்டால் படம் எடுத்து, ரத்தத்தில் சத்துக் குறைவு இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அவசரமா என்று கேட்டேன். ஓடிப் போக வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் மாதக் கணக்கில் தள்ளாதீர்கள், இந்த இரண்டு வாரத்தில் காட்டச் சொல்லுங்கள், முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தாலோ மட்டும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள் என்றார்.

அம்மாடி, இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. நீ சீக்கிரம் நிற்க வைத்ததால் வரவில்லை, இடுப்பில் தூக்கியதால் வரவில்லை, வேலைக்குப் போவதால் வரவில்லை, யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. வீடு கட்டுவதற்குப் படம் வரைகிறவள் நீ, சுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் பெயிண்ட் அடித்து மறைப்பாயா, கீழே என்ன என்றுதானே தோண்டிப் பார்ப்பாய், அதைத்தான் செய்யச் சொல்கிறேன். போகும்போது குட்டியின் பழைய ஷூவைக் கையில் எடுத்துக்கொள், வலது குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று டாக்டரிடம் காட்டு. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைத் தேடி எடு, உனக்கு எதையும் பத்திரமாக வைக்கத் தெரியாது, அலமாரியில் மாப்பிள்ளையின் பக்கத்தில் பார். ஆறு மாதத்துக்கு முன் குட்டி நேராக நிற்கிற போட்டோ இருந்தால் அதையும். குழந்தைக்கு முன்னால் காலைப் பற்றிக் கவலையாகப் பேசாதே, அவளுக்கு எல்லாம் புரியும்.

நீ கேட்ட ஆறும் இந்தப் பெட்டியில் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, பேன்ட் இல்லை, ஆறும் முட்டிக்கு மேலே நிற்கிற அரைக்கால் சட்டை. புதன்கிழமை போட்ட அந்தச் சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டு, இரண்டு காலும் ஒரே அளவில் வெட்டியிருக்கிறேன், பச்சை, மஞ்சள், கோடு போட்டது, எல்லாவற்றிலும் அவள் பொறுக்குகிற கூழாங்கல்லைப் போட்டுவைக்கப் பெரிய பாக்கெட். முட்டி வெளியே தெரியட்டும். முதலில் டாக்டர் பார்க்கட்டும், அப்புறம் வாத்து, கோழி என்று யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவர்களுக்குப் பதில் சொல்ல நான் நேரில் வருகிறேன். டாக்டர் பார்த்து, ஆக வேண்டியதைச் செய்து, அதற்கு அப்புறமும் நீ லூசாகத்தான் வேண்டும் என்றால் அறுபது தைத்து அனுப்புகிறேன்.

குட்டியின் இரண்டு கன்னத்திலும், இரண்டு முட்டியிலும் என் முத்தம், வலதில் ஒன்று கூட. நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வரச் சொல், தனியாகப் போகாதே. நீங்கள் மூவரும் நூறு வருடம் நிமிர்ந்து நடக்க வேண்டும். என் அளவு நோட்டில் குட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வலது கால், இடது கால் என்று எழுதி எதிரே காலியாக விட்டிருக்கிறேன், டாக்டர் என்ன சொன்னார் என்று நீ அன்றைக்கே எழுது, நான் அதில் எழுதிக்கொள்கிறேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாள், கம்பு இல்லாமல். 'எனக்காக வாயைத் திறக்க உங்களுக்கு நாலு வருஷம் ஆச்சு, பேத்திக்காக அஞ்சே நாள்ல திறந்துட்டீங்களே' என்கிறாள், சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இந்தத் தடவை எதையும் மறைக்காத
உன் அப்பா

மறந்துவிடாதே, வலது கால். இரண்டு வாரத்துக்குள்.