தூங்கும் அணில்களுக்கு ஒரு சீருடை

மேரிலாந்து,
பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள கிளைட்,

சான் டியேகோவில் நீயும் டோரத்தியும் நலமென நம்புகிறேன். இங்கே பனி கறுத்துப்போய்த் தெருவோரம் கிடக்கிறது. வீட்டில் லோர்னாவுக்கு மூட்டுவலி. நான் அலுத்துப்போயிருக்கிறேன், நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

நம் இராணுவ மருத்துவக் கல்லூரிக்கு மறுபடியும் ஒரு புதுக் கர்னல். பெயர் நோவாட்னி. பழையவர் தந்த வாக்கெல்லாம் அவருடைய பெட்டியோடு போய்விட்டது. ஆய்வு நிதி கேட்டு வியாழனன்று குழுவின் முன் நின்றேன். குளிர்கால உறக்கத்தில் தரை அணிலின் இதயம் ஏறக்குறைய நின்றுபோயும் இரத்தம் ஏன் உறைவதில்லை என்று விளக்கினேன். கர்னல் சிரித்தார். "அடிபட்டா நம்ம பசங்களுக்கு ரத்தம் நிக்கணும் டாக்டர். நீங்க உறையாத ரத்தத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்களே! இது சிப்பாய் கைக்கு எப்ப வந்து சேரும்?"

இந்தக் கேள்விக்கு இங்கே எல்லோரும் "அஞ்சு வருஷம்" என்பார்கள். காயக்கட்டு ஆராய்கிறவனும் சொல்வான், மூளையை ஆராய்கிறவனும் சொல்வான். பிறகு யாரும் கேட்பதில்லை. நான், "தெரியாது, வராமலும் போகலாம்" என்றேன். வெளியே வந்ததும் நிதிப்பிரிவு மார்செல்லா பிடித்துக்கொண்டாள்: "ஏன் எல்ட்ரெட், பாவமன்னிப்புக் கூண்டுன்னு நெனச்சீங்களா? அஞ்சு வருஷம்னு சொல்ல வாய் வலிச்சுதா?"

நிதி இல்லை. மாத முடிவில் குளிர் அறையைக் காலிசெய்ய வேண்டும். அணில்கள் இன்னும் உறங்குகின்றன. இப்போது இடம் மாற்றினால் விழித்துவிடும். வேறு எந்த ஆய்வகமும் ஏற்காது. கொன்றுவிடும்படி உத்தரவு.

ஆய்வின் தலைமைப் பெயர் சீருடைக்காரருடையதாக இருந்தால் கர்னல் தன் ஒதுக்கீட்டிலிருந்தே கொடுக்கலாம், குழு தேவையில்லை. எத்தனை வருடம் உழைத்தாலும் நான் சிவிலியன். நீ கடற்படைக் கேப்டன்.

நாம் இருவரும் உழைத்த கட்டுரையில் என் பெயரை நீ விட்டுவிட்டதை நான் மறக்கவில்லை; மறக்கப்போவதுமில்லை. இருந்தும் கேட்கிறேன். உன் பெயரை மேலே போடு. என்னுடையது இடைஞ்சல் என்றால் அடித்துவிடு, வாய் திறக்கமாட்டேன். எப்போது வந்து சேரும் என்று கர்னல் உன்னைக் கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

வசந்தம் வரை அவை தூங்கட்டும், கிளைட்.

உன் பதிலை எதிர்பார்த்து,
எல்ட்ரெட்