பொங்கலுக்குப் போன கரண்டி

டாக்டர்,

இன்று காலை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே சர்க்கரைப் பொங்கலின் நெய் வாசனை. ஆயுதபூஜை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாசனை வந்தால், தியேட்டருக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பொங்கலைத் தொடுகிறேன். காரணம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் இந்தக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தோம். நீங்கள் பிரசவ டாக்டர், நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஒருநாள் நீளக் காம்பு போட்ட எவர்சில்வர் குழிக்கரண்டி ஒன்றை வாங்கிவந்து, ஆபரேஷன் கத்தி கத்தரியோடு இதையும் கிருமி சாக அவித்து, மூடி வைக்கும் டிரம்மில் வையுங்கள் என்றீர்கள். "சாம்பார் வைக்கப் போறீகளா டாக்டர்?" என்று கேட்டேன். பிரசவத்தில் ஒருத்திக்கு வயிற்றுக்குள் கொட்டிய ரத்தத்தை மொண்டு, வடிகட்டி, அவளுக்கே ஏற்றலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். கொட்டிய ரத்தம் வாளிக்குத்தான் போகும் என்பது என் படிப்பு. நான் நம்பவில்லை.

அந்த வருட ஆயுதபூஜைக்குப் பொங்கல் பரிமாறக் கரண்டி போதவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று டிரம்மைத் திறந்து உங்கள் கரண்டியை எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

அன்று மத்தியானம் திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து வந்த மீனாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வீறிட்டது, தாய் வெளுத்துக்கொண்டே போனாள். கர்ப்பப்பையில் முதல் பிரசவத்து ஆபரேஷன் தழும்பு கிழிந்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடையது அபூர்வமான ரத்த வகை. மதுரையிலிருந்து வர வேண்டும்; அன்றைக்கோ விடுமுறை. வயிற்றைத் திறந்து, கிழிசலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையை நீட்டினீர்கள். "கரண்டி."

டிரம்மில் கரண்டி இல்லை.

நான் ஓடிய ஓட்டம்! பொங்கல் ஒட்டிக் கிடந்ததைப் பிடுங்கி, தேய்த்துக் கழுவி, நீராவிப் பெட்டியில் போட்டுவிட்டு, மாதாவைக் கூப்பிட்டபடி கடிகாரத்தையே பார்த்து நின்றேன். உள்ளே நீங்கள் சின்னக் கிண்ணத்தால் மொண்டுகொண்டிருந்தீர்கள். அடியில் கிடந்தது அதற்கு எட்டவில்லை. கரண்டி வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. எட்டு மடிப்புத் துணியைப் புனலில் விரித்துப் பிடித்தேன். நீங்கள் ஊற்ற ஊற்ற, உறையாமலிருக்க மருந்து விட்ட பாட்டில் நிறைந்தது. அவள் ரத்தம் அவள் கை நரம்பு வழியே அவளுக்குள்ளேயே இறங்கியது. இரண்டாவது பாட்டில் பாதி போனபோது உதட்டில் நிறம் வந்தது டாக்டர்! முகமூடிக்குள் நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

தையல் முடிந்ததும், கரண்டி எங்கே போயிருந்தது என்று கேட்டீர்கள். உள்ளதைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பொங்கல் மிச்சம் இருக்கா சிஸ்டர்?" என்றீர்கள். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஆறு வருடமாகிறது. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாமே என்று உங்கள்மேல் இன்னும் கோபம் வருகிறது.

ஒரு கரண்டிதான் தன்னைக் காப்பாற்றியது என்று மட்டும் தெரிந்த மீனாள், வருடம் தவறாமல் ஆயுதபூஜைக்கு வந்துவிடுகிறாள். இன்று அந்த மகளையும் கூட்டிவந்தாள். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். பொட்டு வைத்து அடுக்கியிருந்த கத்தி கத்தரிகளை மீனாள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எங்க சிஸ்டர் நம்ம கரண்டி? பொட்டு வைக்க மறந்துட்டீகளா?" என்று கேட்டாள்.

"மறக்கல ஆச்சி. அது டிரம்முக்குள்ள டூட்டியில இருக்கு" என்றேன்.