கூப்பிட்டால் ஓடும் நாய்

மார்ச் 9, ஞாயிறு

மூன்று பேராக மலை ஏறி இரண்டு பேராக இறங்கியிருக்கிறோம். எள்ளு மேலேயே நிற்கிறது. நாய்க்கு என்ன தெரியும், அவிழ்த்துவிட்டவனைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பள்ளம், வாரைக் கழற்றாதே என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "பாவம்க்கா, அதுவும் கொஞ்சம் ஓடட்டுமே" என்று கழற்றிவிட்டான்.

வளைவில் நின்று திரும்பிப் பார்த்தது. "எள்ளு, வா" என்றேன். அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன் — புதருக்குள் பாய்ந்துவிட்டது. நான்கு வருடம் சோறு போட்ட கை இது! மூன்று மணி நேரம் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. காரில் தம்பி ஸாரி என்றான். தெருமுனையிலேயே இறங்கிக்கொள் என்றேன். இனி என் வாசலை மிதிக்கட்டும், பார்க்கிறேன்.

மார்ச் 10

கண்ணாடிக் கடையில் லீவு கேட்டேன். நாய்க்காகவா என்று சிரிக்கிறார் முதலாளி. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கோழை.

மாலை

மறுபடி மலைக்குப் போனேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பாறை மேல் எள்ளு நின்றது. கூப்பிட்டேன். ஓடியது. என்னைவிடச் சின்னவள் ஒரு வனக்காவலர், பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: "வீட்ல எதுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

நாய் தொலைந்த நேரத்தில் கேள்வியைப் பார். குளிப்பாட்ட, உண்ணி எடுக்க, ஊசி போட, செருப்பைக் கடித்தால் அடிக்க என்றேன். சோற்றுக்கு? என்றாள். தட்டைத் தட்டுவேன். சொல்லும்போதே எனக்கு முகம் சுண்டிவிட்டது. தட்டோடு வாங்க, முதுகைக் காட்டி உட்காருங்க, பேரை மட்டும் சொல்லாதீங்க என்றாள்.

சரி, என் தப்புதான். அதுக்காக அவன் அவுத்துவிட்டது சரியாயிடுமா?

மார்ச் 11

அடிவாரத்தில் தம்பி நிற்கிறான். நேற்றும் தனியாகத் தேடியிருக்கிறான், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. ஏன்டா போனை எடுக்கலை என்று பாய்ந்தேன்.

"நீ கூப்பிட்டாலே பயமா இருக்குக்கா. என்னைக்காவது திட்டாம போன் பண்ணியிருக்கியா?"

யாரைப் பார்த்து என்ன பேச்சு! திட்டு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மேலே ஏறி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிப் பாறையில் உட்கார்ந்து, அந்தக் கோபத்தையெல்லாம் தட்டைத் தட்டுவதில் காட்டினேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் இருக்கும், என் முழங்கையில் ஈர மூக்கு. வாரை மாட்டினேன். அழுதேன். அப்போதும் கோபம் போகவில்லை.

மார்ச் 12

எள்ளு உடம்பு முழுக்க முள். எடுத்துவிட்டேன், பேர் சொல்லாமல்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்து, கடைசியில் எடுத்தான்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. சும்மாதான்."

நம்பவில்லை. எப்போது திட்டு விழும் என்று காத்திருந்தான். எனக்கும் வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எள்ளு சாப்பிட்டுவிட்டது என்றேன். சரிக்கா என்றான். வைத்துவிட்டேன்.

நாளையும் போன் போட வேண்டும்.